தம்பியின் கைநடை

தேனியில் நான் இப்போது பெருக்கித் துடைக்கிற இடம் ஒரு மூன்றாம் மாடி. அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒன்றரை வயசிலேயே கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். பால் குடி மறக்காத பிள்ளைகள் நீலமும் சிவப்புமாகக் கிடக்கிற மெத்தைகளில் ஏறி, உருண்டு, பொத்தென்று விழுந்து, அழுவதா சிரிப்பதா என்று தாயின் முகத்தைப் பார்க்கின்றன. தாய் சிரித்தால் தாங்களும் சிரிக்கின்றன.

என் வயசு ஆட்களிடம் இதைச் சொன்னால், "நாமெல்லாம் தெருவுலயே கரணம் போட்டவுகதான, அதுக்கு ஒரு கிளாஸா?" என்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் கேட்பீர்கள். நான் கேட்க மாட்டேன். நம் காலத்திலேயே போடியில் அப்படி ஒரு வகுப்பு நடந்தது. தை தொடங்கிச் சித்திரை வரை நாலு மாசம். நான் அதில் படிக்கவில்லை. படித்தவனைத் தூக்கிக்கொண்டு போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயசு. ஐந்தாம் வகுப்போடு நின்றேன். அப்புறம் ஏலத்தோட்டம், திருப்பூர், கொச்சியில் இறால் உரிக்கிற கம்பெனி என்று எங்கேயும் மூன்று வருசத்துக்கு மேல் தங்கியதில்லை. ஊர் ஊராகப் பார்த்தவை பாதி மறந்துவிட்டன. இந்த நாலு மாசம் மறக்கவில்லை.

போடியில் அப்போது இலவம் பஞ்சு வியாபாரம் பெரிசு. பங்குனியில் மரத்திலிருந்து காய் இறங்கினால் குடோன்களுக்கு மூட்டை மூட்டையாக வந்து கூரை வரை அடுக்கி நிற்கும். அதற்கு முந்தின மாசங்களில் குடோன் காலியாகக் கிடக்கும். எங்கள் ஐயா ஒரு குடோனில் மூட்டை தைக்கிற வேலை பார்த்தார். அம்மா காய் உடைத்துக் கொட்டை பிரிக்கிற வேலை. ரெண்டு பேரும் வீட்டுக்கு வரும்போது புருவத்தில், காது மடலில், இமையில் பஞ்சு ஒட்டியிருக்கும். சின்ன வயசிலேயே நரைத்தவர்கள் மாதிரி இருப்பார்கள்.

அந்தக் குடோன் முதலாளியம்மா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ரொம்ப வருசம் கழித்துப் பிறந்த ஒரே மகன், மூன்று வயசு, சளியிலேயே வளர்ந்தவன். அவனுக்காகத்தான் மாஸ்டரைப் பிடித்தார். மாஸ்டர் மலையாளி. சர்க்கஸில் கம்பியில் ஆடியவராம். தோள் ஒரு தடவை கழன்றதில் இடது கை காதுக்கு மேல் தூக்க வராது. ஏலக்காய் லாரியில் போடிமெட்டு மலைப்பாதை இறங்கி வந்து, திரும்பிப் போகாமல் தங்கிவிட்டார். பிள்ளையின் உடம்பை வஜ்ரம் மாதிரி ஆக்கிக் காட்டுகிறேன் என்று அவர் சொன்னதை முதலாளியம்மா நம்பினார். ஒற்றைப் பிள்ளை தனியாக ஆடாது என்று பஜாரில் நாலு கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்தார். எல்லாம் மூன்று வயசு, நாலு வயசு. காலியாகக் கிடந்த குடோனிலேயே வகுப்பு.

எதிர்த்த அரிசிக் கடைக்காரர் தினமும் வந்து வாசலில் நின்று பார்ப்பார். "குரங்காட்டி குரங்கை வச்சுப் பொழைக்கிறான். இந்தாளு நம்ம புள்ளைகளைக் குரங்காக்கிப் பொழைக்கிறாரு" என்பார். ஆனால் தன் மகளை மட்டும் ஒருநாள்கூட நிறுத்தவில்லை. அந்தப் பிள்ளை அப்பன் பார்த்தால் கரணம் போடாது. அவர் போன பிறகுதான் போடும். இன்னொரு பையன் உருண்டுகொண்டே இருக்கும்போது பாதியில் தூங்கிவிடுவான். மாஸ்டர் அவனைத் தூக்கி ஓரமாகப் படுக்க வைத்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார்.

உள்ளே நுழைந்ததும் நாலு தும்மல் வரும். அப்புறம் மூக்கு பழகிவிடும். கூரையில் பதித்த கண்ணாடி வழியாக வெயில் ஒரு தூண் மாதிரி இறங்கும். அதற்குள் பஞ்சு மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நிற்கும். போன வருசம் விற்காமல் கிடந்த மூட்டைகளைப் பிரித்துப் பரப்பி, மேலே தார்ப்பாய் விரித்திருந்தார் மாஸ்டர். அதுதான் மெத்தை. விழுந்தால் இடுப்பு வரை புதைந்துபோகும். அந்தச் சூடும் மக்கின மணமும் இன்றைக்கும் எனக்குத் தெரியும். இந்த மாடியில் இருக்கிற மெத்தைகளுக்கு மணமே இல்லை.

தம்பிக்கு அப்போது ஐந்து வயசு. ரெண்டு வயசில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது, இரண்டு காலும் விழுந்துவிட்டது. அது போலியோ என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் கிடையாது. கால் சுணங்கிவிட்டது என்பார்கள், என்றைக்காவது சுணக்கம் தெளிந்து எழுந்துவிடும் என்பது மாதிரி. வீட்டுக்குள் அவன் கையை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டே போவான். அதனால் தோளும் கையும் மட்டும் பெரிய பையனுடையது போல இறுகியிருந்தன. வெளியே போக என் இடுப்பு.

அம்மா வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ந்திருந்தாள். அவனுடைய ஐந்தாம் வயசுத் திருவிழாவில் அவனே நடந்து வந்து ஆத்தா வாசலில் கும்பிடுவான், பின்னாலேயே நான் தீச்சட்டி எடுத்து வருகிறேன் என்று. நேர்ந்தபோது அவனுக்கு ரெண்டு வயசு. ஐந்து என்பது ரொம்பத் தூரத்தில் இருந்தது.

குடோனில் பிள்ளைகள் கரணம் போடுவதை அம்மா பார்த்தாள். முதலாளியம்மாவிடம் கெஞ்சித் தம்பியையும் சேர்த்தாள். மாஸ்டர் அவன் பாதத்தைத் தூக்கி விட்டுப் பார்த்தார். அது ஈரத் துணி மாதிரி விழுந்தது. மறுபடியும் தூக்கினார், மறுபடியும் விழுந்தது. அம்மா, திருவிழாவுக்குள் நடந்துவிடுவானா என்று கேட்டாள். அவர் அம்மாவைப் பார்க்காமல், "நோக்கலாம்" என்றார்.

பார்க்கலாம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அம்மா அதை வாக்காக எடுத்துக்கொண்டாள். அந்தக் கால் நடக்காது என்று அன்றைக்கே அவருக்குத் தெரியும். சர்க்கஸில் எத்தனை காலைப் பார்த்திருப்பார். ஆனால் ஒரு தாயின் முகத்துக்கு நேராக அதைச் சொல்ல அவருக்கு வரவில்லை. எனக்கும் பின்னால் பல இடங்களில் வரவில்லை. அதனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

முதல் மாசம் காலைத்தான் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். எண்ணெய் போட்டு நீவினார், கயிற்றில் தொங்கவிட்டு நிற்க வைத்தார். கயிற்றை விட்டதும் தம்பி பஞ்சுக்குள் போய்விடுவான். அவனுக்கு அதுவே விளையாட்டு, திரும்பத் திரும்ப விடச் சொல்லுவான். மாசி பிறந்த பிறகு ஒருநாள் மாஸ்டர் அவன் இடுப்பைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, கை இரண்டையும் தார்ப்பாயில் ஊன்றச் சொன்னார். ஊன்றினான். மாஸ்டர் மெதுவாகப் பிடியைத் தளர்த்தினார். கால்கள் இரண்டும் முதுகுப் பக்கம் மடிந்து தொங்கின. ஆனால் உடம்பு விழவில்லை. மூன்று எண்ணும் வரை நின்றான்.

என் வேலை சாம்பல். அடுப்புச் சாம்பலைத் துணியில் சலித்து ஒரு பவுடர் டப்பாவில் கொண்டுபோவேன். அவன் தலைகீழாகக் கையில் ஏறுவதற்கு முன்னால் ரெண்டு உள்ளங்கையிலும் அப்பி, ஊதிவிட வேண்டும். வேர்வைப் பசை இருக்கக் கூடாது. "கை வழுக்கினா கழுத்து" என்று மாஸ்டர் தன் கழுத்தில் விரலை வைத்துக் காட்டுவார். அதற்கு மேல் விளக்க மாட்டார். நானும் மறக்காமல் செய்தேன்.

பங்குனி பாதியில் அவன் நாலு எட்டு வைத்தான். கை எட்டுத்தான். அப்புறம் ஆறு. காய் வரத்து தொடங்கி குடோன் நிரம்பிக்கொண்டே வந்தது. மெத்தைக்கு இருந்த இடம் நாளுக்கு நாள் சுருங்கியது. கடைசியில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு சந்துதான் மிச்சம். அந்தச் சந்தில் அவன் போய் வருவான். ஒருநாள் அந்தக் கோடியிலிருந்து வாசல் வரை, பன்னிரண்டு எட்டு, தானாக வந்தான். வந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "அக்கா, நானா வாசலுக்கு வந்துட்டேன்" என்றான். அதுவரை அவன் எந்த வாசலுக்கும் யார் தயவும் இல்லாமல் நிமிர்ந்து வந்ததில்லை. தலைகீழாகத்தான், ஆனாலும் நிமிர்ந்து.

அம்மாவுக்குத் தெரிந்தபோது என்னை அடித்தாள். தலைகீழ் நடை பேய் நடை, பிள்ளைக்கு ஆகாது என்று மாஸ்டரிடம் சண்டைக்குப் போனாள். காலைக் கொடு என்றால் கையைக் கொடுக்கிறாயே என்று குடோன் வாசலில் நின்று அழுதாள்.  திருவிழாவுக்கு இருபது நாள்கூட இல்லை. வீரபாண்டியில் கோயில் முன்னால் திருவிழாக் கம்பம் நட்டுவிட்டார்கள். அம்மா காப்புக் கட்டிவிட்டாள்.

வழி சொன்னது மாமா, அம்மாவின் தம்பி. எதற்கும் ஒரு வழி வைத்திருப்பார், பாதி வழி முட்டுச்சந்து. அன்றைக்குக் கூழ் குடித்துக்கொண்டே கேட்டார்.

"அக்கா, நீ நேந்தப்ப என்னான்னு நேந்த?"

"நடந்து வந்து கும்பிடுவான்னு."

"காலால நடந்துன்னு சொன்னியா?"

அம்மா யோசித்தாள். சொல்லவில்லை என்றாள்.

"அப்பறம் என்ன. ஆத்தா கேட்டது நடை. கால் வேணும்னா அவ குடுத்திருப்பா. கையைத்தான குடுத்திருக்கா."

ஐயா சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. அன்று ராத்திரி முழுக்க யோசித்திருப்பாள் போல. விடிந்ததும் தம்பியின் கைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மாஸ்டர் கூடவே கூடாது என்றார். பஞ்சு மேல் நடக்கிறவன் தார் ரோட்டில் நடக்க முடியாது, கூட்டத்தில் முடியவே முடியாது, ஆறு மாசம் போகட்டும், அடுத்த வருசம் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று கை கூப்பினார். காப்புக் கட்டின பிறகு அடுத்த வருசம் என்று அம்மனிடம் போய்ச் சொல்ல முடியுமா என்று அம்மா கேட்டாள். மாஸ்டர் முதலாளியம்மாவிடம் போனார். அது அவர்கள் சாமி விஷயம், நான் தலையிட்டால் தப்பாகப் போகும் என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். மாஸ்டர் கடைசியில் என்னிடம்தான் வந்தார். சாம்பல் டப்பாவைத் திறந்து பார்த்து, இன்னும் சன்னமாகச் சலிக்கச் சொன்னார்.

திருவிழாவுக்கு நாங்கள் பஸ்ஸில் போனோம். மாஸ்டர் வரவில்லை. சித்திரை வெயில். ஆற்றில் குளித்து, அம்மா மஞ்சள் சேலை கட்டி, வேப்பிலை விரித்துத் தீச்சட்டியை ஏந்தினாள். ஆற்றிலிருந்து கோயில் வரை தம்பி என் இடுப்பில் வந்தான். கம்பம் தெரிகிற இடத்தில் இறக்கிவிட வேண்டும், அங்கிருந்து வாசல் இருபது எட்டு என்று மாமா முன்னாலேயே போய் அளந்து வந்திருந்தார். உறுமி மேளக்காரர்களை முன்னால் நிறுத்திக் கூட்டத்தை விலக்கச் சொன்னதும் அவர்தான்.

நான் உட்கார்ந்து அவன் கையில் சாம்பல் அப்பினேன். ஊதினேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். கையில் ஏறினான்.

 மஞ்சள் துண்டு கட்டின சின்னப் பிள்ளை, கால் இரண்டும் பின்னால் தொங்க, கையால் நடந்து அம்மன் வாசலுக்குப் போகிறான். பின்னால் தாய் தீச்சட்டியோடு வருகிறாள். ஒரு பெண் குலவை போட்டாள். அப்புறம் எல்லாரும் போட்டார்கள். "சின்னச் சாமி வருது, வழி விடுங்க" என்று யாரோ சொன்னார்கள்.

தீச்சட்டி எடுத்து வருகிறவர்களுக்கு நம் பக்கத்தில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வெயிலில் வெறுங்காலோடு வருகிறார்களே என்று குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து காலில் ஊற்றிக் கும்பிடுவார்கள். அன்றைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் குடங்களோடு பெண்கள் நின்றார்கள். நான் அதைப் பார்த்தேன். ஒருத்தி குனிந்து வந்தாள்.

"கையில ஊத்தாதீக" என்றேன். மேளச் சத்தத்தில் கேட்கவில்லை. ஓடிப்போய் அவள் குடத்தைப் பிடித்தேன். "கையில தண்ணி பட்டா விழுந்துருவான், ஊத்தாதீக."

"ஆத்தா தண்ணிடி, என்ன செய்யும்? வழிய விடு" என்று என்னை ஒதுக்கிவிட்டு, அவன் கை இரண்டிலும் ஊற்றினாள். ஊற்றி, அந்த ஈரத்தைத் தொட்டுக் கண்ணில் வைத்துக்கொண்டாள். அடுத்தவளும் ஊற்றினாள். அதற்கடுத்தவளும்.

ஏழாவது எட்டோ எட்டாவதோ. வலது கை முன்னால் வழுக்கியது. அவன் தலை ஒரு பக்கமாகத் தப்பித்து, உடம்பு முழுக்க இடது முழங்கை மேல் இறங்கியது. பச்சைக் குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

ஈர ரோட்டில் அவன் கிடந்து துடித்தான். வலியில் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. குலவை இரண்டு மடங்கானது. அருள் வந்துவிட்டது என்று நினைத்தார்கள். சுற்றி வட்டமாக நின்று கை கூப்பினார்கள். சாமி வந்து கிடக்கிற உடம்பைத் தொடக் கூடாது என்று என்னை ரெண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். உறுமி இன்னும் வேகமாக அடித்தது. ஒரு கிழவர் அவன் முகத்தருகே குனிந்து, "சொல்லு சாமி, மழை எப்பத் தருவ?" என்று கேட்டார்.

அவன், "அக்கா, கை" என்றான்.

"அக்காங்குது" என்று கூட்டத்தில் சொல்லிக்கொண்டார்கள். அம்மனுக்கு ஒரு அக்கா உண்டா, எந்த ஊர்க்காரி என்று இரண்டு பேர் பேச ஆரம்பித்தார்கள்.

அம்மாவைப் பார்த்தேன். கையில் தீச்சட்டி. வாசல் சேராமல் அதை இறக்கக் கூடாது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அது சாமி வந்த மகனைப் பார்த்து வந்த கண்ணீரா, விழுந்த மகனைப் பார்த்து வந்ததா என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, அவள் சாகிறவரைக்கும் கேட்கவும் இல்லை. அவனைச் சுற்றிக்கொண்டு போய் வாசலில் சட்டியை இறக்கிவிட்டுத்தான் திரும்பி வந்தாள். ஐயா அதுவரை கை கூப்பியபடியே நின்றார்.

திருநீறு பூசினார்கள். சாமி வந்த உடம்பு, நாளைக்குச் சரியாகிவிடும் என்றார்கள். மூன்றாம் நாள் கை பானை மாதிரி வீங்கிய பிறகு கட்டுப் போடுகிறவரிடம் கொண்டுபோனோம். முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் வைத்துக் கட்டினார். நாற்பது நாள் கழித்துப் பிரித்தபோது முழங்கை மடங்கியபடியே நின்றது. நீட்டவில்லை. வெந்நீர், எண்ணெய், ஒத்தடம் எதற்கும் நீளவில்லை. அதன் பிறகு அவன் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போவதும் முடியாமல் போனது. ஒற்றைக் கையில் இழுத்தால் உடம்பு வட்டமாகச் சுற்றும்.

மாஸ்டர் ஒரே ஒரு தடவை வந்தார். மடங்கின முழங்கையை விரலால் தொட்டுப் பார்த்தார். வெளியே வந்து என்னிடம் கேட்டார்.

"சாம்பல் இட்டிருந்தோ?"

"இட்டேன்."

"பின்னே?"

"தண்ணி ஊத்துனாக."

தலையை ஆட்டினார். மறுநாள் குடோனில் அவர் இல்லை. மிச்சமிருந்த அந்தச் சந்திலும் மூட்டை அடுக்கிவிட்டார்கள். முதலாளியம்மா மகனுக்குச் சளி மருந்து வாங்கப் பழையபடி மதுரைக்குப் போக ஆரம்பித்தார்.

எங்கள் வீட்டுக்கு ஆள் வரத் தொடங்கியது ஆடி மாசத்தில். வீரபாண்டியில் சாமி வந்த பிள்ளை இங்கன இருக்கிறதாமே என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். அம்மா முதலில் கதவைச் சாத்தினாள். அப்புறம் திறந்தாள். செவ்வாய், வெள்ளி தம்பியைக் குளிப்பாட்டி, மஞ்சள் துண்டு கட்டி, பலகையில் உட்கார வைப்பார்கள். மாமா பக்கத்தில் நின்று யார், எந்த ஊர் என்று கேட்பார். தம்பி ஒன்றும் சொல்ல மாட்டான். சும்மா பார்ப்பான். அந்தப் பார்வையிலிருந்தே அவர்கள் எதையாவது எடுத்துக்கொண்டு போனார்கள். வருகிறவர்கள் கொடுத்ததில்தான் பிறகு வீடு நடந்தது. அந்தப் பலகையிலேயே அவன் வளர்ந்தான், முப்பத்தெட்டு வயசில் சாகிற வரை அதிலேயே இருந்தான். நான் பதிமூன்றாவது வயசில் வீட்டைவிட்டுக் கிளம்பினேன். அதற்கு அது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், எனக்கு ஓரிடத்தில் கால் நிற்காது.

திருவிழா நடந்த அந்த வருசக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை வருசநாட்டுப் பக்கமிருந்து ஒருத்தி வந்தாள். இடுப்பில் மூன்று வயசுப் பையன். அவனுடைய காலைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஈரத் துணி. அவள் தம்பி முன்னால் பிள்ளையைக் கிடத்திவிட்டு, "எம் புள்ள நடந்துருவானா சாமி?" என்று கேட்டாள்.

தம்பி அந்தப் பிள்ளையின் காலைப் பார்த்தான். அப்புறம் கையைப் பார்த்தான். அது கையை ஊன்றி எழப் பார்த்துக்கொண்டிருந்தது. தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். இந்தக் காலுக்குக் கைதான் நடை என்பது அந்த வீட்டில் அவனும் நானும் மட்டும் அறிந்தது. பலகையில் உட்கார்ந்த பிறகு முதல்தடவையாக வாயைத் திறந்து சொன்னான்.

"கையைப் பத்திரமாப் பாத்துக்கங்க. கையில தண்ணி படவிடாதீக."

 மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவள் அழுதுகொண்டே சேலைத் தலைப்பைக் கிழித்தாள். அம்மா மஞ்சள் கரைத்துக் கொடுத்தாள். வந்தவள் துணியை அதில் நனைத்து, வெயிலில் காய வைத்து, பிள்ளையின் இரண்டு கையையும் விரல் தெரியாமல் மணிக்கட்டு வரை சுற்றிக் கட்டினாள். ஒரு வருசம் அவிழ்க்க மாட்டேன் சாமி என்று தம்பி காலைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். பிள்ளை தரையில் கையை ஊன்றிப் பார்த்தது. துணி வழுக்கி முகம் தரையில் இடித்தது. அவள் அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

தம்பி, "இல்ல, அப்படியில்ல" என்றான். அதற்குள் அடுத்த ஆளை மாமா முன்னால் உட்கார வைத்துவிட்டார்.

நான் அவளுக்குப் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டு வரை ஓடினேன். பஸ் கிளம்பத் தயாராக நின்றது. படிக்கட்டில் அவள் சேலையைப் பிடித்து இழுத்து, "கட்டை அவுத்துருங்க. அது கையை ஊனி ஊனித்தான் பலமாகும். கட்டிப் போடாதீக" என்றேன். மூச்சு வாங்கியதில் எவ்வளவு கேட்டதோ.

அவள் என்னைப் பார்த்தாள். "நீ சாமியோட அக்காதான?" என்றாள். ஆமாம் என்றேன். குனிந்து என் கன்னத்தைத் தொட்டு, அந்த விரல்களை வாயில் வைத்து முத்திக்கொண்டு, கட்டு அவிழாத பிள்ளையோடு பஸ்ஸுக்குள் ஏறினாள்.